ஏழரை ஆம்பியர்

ஆகஸ்ட் நடுக்குளிரில், ஈரவிறகு புகைந்துகொண்டிருந்த வாரம்,
கொய்யைக்கேயிலிருந்து பேருந்துக் கூரையில் வந்தது
பன்னிரண்டு வோல்ட் போர்வை.
வெளியே நூற்று நாற்பது ஆடுகள்
தம் கம்பளியைத் தாமே போர்த்தி நிற்க
நாம் மின்கம்பிக்குள் படுத்தோம், பெலார்மீனோ.
சிரிக்காதே என்றேன். சிரித்தாய்.

மின்கம்பம் எட்டாத பள்ளத்தாக்கு இது.
கூரைத் தகடு மூன்று மணி நேரம்
மேகத்தினூடே வெயில் குடித்தால் உண்டு.
"பன்னிரண்டுதானே, ஷாக்கே அடிக்காது" என்று
பேட்டரியின் இரு முனைகளையும்
ஈரவிரலால் தொட்டுக் காட்டினாய்.
ஒன்றும் ஆகவில்லை.
அதைத்தான் நாம் நம்பினோம்.

மூன்றாம் இரவு ஃபியூஸ் போனது.
ஐந்தாம் இரவும்.
கடை எண்பது கிலோமீட்டர், பாதையெல்லாம் பனி.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து
அந்தக் கண்ணாடிக் குழாயில் சுற்றினாய்,
ஆட்டுக்குட்டியின் காலுக்குக் கட்டுப் போடும்
அதே கரிசனத்தோடு.
போர்வை மறுபடி சூடானது.
நன்றிதான் சொன்னேன் நானும்.

என் பாதங்களுக்கு நான்கு வருடமாய் எதுவும் தெரிவதில்லை.
சர்க்கரை.
பூட்ஸுக்குள் ஆணி ஏறி
ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறேன்.
கிளினிக் நர்ஸ் நூபியா எழுதியே கொடுத்தாள்:
படுக்குமுன் சூடாக்கு, படுத்ததும் அணை.
அந்தத் தாளை மாவு டப்பாவுக்கடியில் செருகினேன்.
உன்னிடம் சொல்லவில்லை.

எழுப்பியது பாதமில்லை, மூக்கு.
அடுப்பு அணைந்த வீட்டில் ரப்பர் தீயும் வாசனை.
பொறி இல்லை, வெளிச்சம் இல்லை.
மெத்தைக்கடியில் செருகிய மடிப்பில்
தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம் மட்டும்,
தணலில் கிடந்த ரொட்டியின் அடிப்பக்கம்போல.
சுவரோரம் வயர் இளகித் தொங்கியது.

வெறுங்காலோடு ஓடினாய்.
குறடு கைநழுவி இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது.
ஒரே கணம்.
அதன் இரும்புத் தாடையில் ஒரு விள்ளல்
கடித்துத் துப்பியது
ஷாக் அடிக்காத உன் பேட்டரி.

விடிந்தபோது உன் கையில் கீறல்கூட இல்லை.
என் இடது குதிகாலில் கொப்புளம்,
நூறு பெசோ நாணயம் அளவு.
நீதான் பார்த்தாய்.
வெகுநேரம் அந்தக் காலைப் பிடித்தபடி இருந்தாய்.
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்
பிடித்திருக்கிறாய் என்று.

இப்போது பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி
ஏழரை ஆம்பியர் ஃபியூஸ்.
மீன் டப்பாவில் உதிரி மூன்று.
புதுப் போர்வையை மடிக்காமல் விரித்து
ஏழு மணிக்குப் போடுகிறாய்.
ஒன்பதுக்கு வயரைப் பிடுங்கி
எனக்குக் காட்டிவிட்டுத்தான் படுக்கிறாய்.
பிறகு மூன்று ஆட்டுத்தோல். உன் முதுகு.

வெள்ளித்தாளை எறியவில்லை.
நர்ஸ் எழுதிய தாளுக்குள் மடித்து
மாவு டப்பாவுக்கடியிலேயே வைத்திருக்கிறேன்.
யார் முதலில் சண்டை தொடங்கினாலும்
மற்றவர் அந்த டப்பாவைப் பார்த்தால் போதும்.