சீனிச்சட்டி

ஒரு மதிப்பெண் உதைத்தது.
பன்னிரண்டு விடைத்தாளையும்
முதலிலிருந்து பிரித்துக் கூட்டி
கடைசியில் அது
ஒன்பதாவது பையனின் பென்சீன் வளையத்துக்குள்
அரையும் அரையுமாக
ஒளிந்திருந்ததைப் பிடித்தபோது
மணி மூன்று.

தக்கலையில் அந்நேரம் சோறு கேட்டால்
ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.
முதல் ஓட்டலில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள்.
இரண்டாவதில்
'தீந்து போச்சு டீச்சர்' என்று
ரச வாளியைக் கவிழ்த்தே காட்டினார்கள்.
டீச்சர்னு எப்படித் தெரிஞ்சுது என்றாள் லில்லிபாய்.
விரலைப் பாரு என்றேன்.
பத்து நாள் சிவப்பு மை.

அப்படித்தான் ஏறினோம்
மொபைல் கடைக்கு மேலே,
மாடிப்படி வளைவில்
ஒரு பல் உடைந்த ட்ராகன் காவல் நிற்கும்
நியூ ட்ராகனுக்கு.
பதினோரு வருஷமாகப்
பஸ் ஜன்னலில் மட்டும் பார்த்த கடை.

ஏசி இல்லை. ஏசிக்கான ஓட்டை இருந்தது.
அதை அடைத்திருந்த அட்டையில்
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி
கீழே பார்த்தது.
மெனுவின் அடியில் பேனாவால் எழுதியிருந்தது:
மீன் இருந்தால் மீன்.
இன்றைக்கு இல்லை.
தவக்கால வெள்ளி, லில்லிபாய்க்கு இறைச்சி ஆகாது.
ரெண்டு வெஜ் நூடுல்ஸ் என்றோம்,
பரீட்சை எழுதப் போகிற குரலில்.

முதலாளி ஜஸ்டஸ்
மஸ்கட்டில் பாத்திரம் கழுவப் போய்
ஒரு பிலிப்பைன்காரரிடம்
பாதி கற்றுக்கொண்டு வந்தவர்.
மீதிப் பாதி, காலிம்போங்கிலிருந்து வந்த நிமா.
தெருவே அவனைச் சைனாக்காரா என்கிறதாம்.
'சீனா நான் பாத்ததில்ல மேடம்.
கொளச்சல் பாத்தாச்சு' என்றான்.

நூடுல்ஸ் வந்தது.
தீக்குச்சி தீக்குச்சியாகக் கேரட்,
ஓரம் கரிந்த முட்டைக்கோஸ்,
கண்ணாடிக் குப்பியில் பச்சை மிளகாய் ஊறிய வினிகர்.
அசெட்டிக் அமிலம், என்று முகர்ந்து சொன்ன லில்லிபாய்
உடனே நாக்கைக் கடித்தாள்.
இனி ஒரு வார்த்தை கெமிஸ்ட்ரி பேசினா
பில்லை நீ குடு, என்றேன்.

இதை எதுல கிளறினே என்று கேட்டாள்.
நிமா தூக்கிக்கொண்டு வந்தான்,
கரி பிடித்து, அடி உருண்டு, இரண்டு காது வைத்து.
'எனக்க வீட்டுலயும் உண்டே இது.
சீனிச்சட்டி!'
சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தாள்.
சீனி. சட்டி.
அப்பளம் பொரித்த இத்தனை வருஷத்தில்
ஒரு நாளும் அதன் ஊரை அவள் விசாரித்ததில்லை.

பிறகு நூடுல்ஸ் ஆறுவது தெரியாமல் தேடினோம்.
மாங்காய் ஊறும் சீனபரணி. முழு மார்க்.
கிறிஸ்துமஸ் ராத்திரி சீனிவெடி. முழு மார்க்.
சீனியவரைக்காய்?
அது சர்க்கரைச் சீனியா இருக்கும். அரை.
அப்படீன்னா சர்க்கரைக்குச் சீனின்னு யாரு பேரு வெச்சா?
சரி, முக்கால்.

அடுத்த மேஜையில்
நிமா தன் மதியச் சாப்பாட்டைத் திறந்தான்.
எவர்சில்வர் தட்டில்
மயக்கின மரச்சீனி,
பக்கத்துக் கிண்ணத்தில் சாளைப் புளிமுளம்.
குடம்புளி வாசம் வந்து
எங்கள் சோயா சாஸை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தது.
'தினமும் இதுதான் வேணும் இவனுக்கு' என்றார் ஜஸ்டஸ்,
கொஞ்சம் குறையாக, நிறைய பெருமையாக.
நாங்கள் பார்க்கவில்லை.
பார்க்காமலிருந்ததை
அவன் பார்த்துவிட்டான்.
'மேடம், இன்னிக்கி மீன் இல்லேன்னு சொன்னது
மெனு மீன்' என்று
தட்டை இரண்டு மேஜைக்கும் நடுவில் இழுத்து வைத்தான்.

லில்லிபாய் முள் எடுத்து முடிக்கும்வரை
யாரும் பேசவில்லை.
வேளிமலைப் பக்கம் ஒரு இடி.
அட்டையின் ஓரத்தில் காற்று நுழைந்து
அம்புக்குறியைப் படபடக்க வைத்தது.
'மரச்சீனி' என்றாள் திடீரென்று,
கிழங்கு வாயோடு.
நான் தலையாட்டினேன்.
அது எந்தச் சீனியென்று
இருவருக்கும் தெரியவில்லை.

பில்லைக் கையால்தான் எழுதினார் ஜஸ்டஸ்.
எழுதி முடிக்குமுன்
தலைகீழாகவே இருவரும் கண்டுபிடித்தோம்:
பத்து ரூபாய் குறைவு.
லில்லிபாயின் கை பணத்துக்குத்தான் பைக்குள் போனது.
சிவப்புப் பேனா வந்தது.

கீழே கருங்கல் பஸ்
எங்களை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.
அடுத்தது நாலரைக்கு.
மழை வேறு பிடித்துவிட்டது.
நிமா டீ போடப் போனான்.