அக்கட்டால

வீரபாண்டியில் சாயப்பட்டறையின் மாடி.
அறையில் பாதி எனக்கு, பாதி சர்வருக்கு.
ஏசி முழுசும் அதற்குத்தான்.
கீழே நேவி புளூ கொதிக்கிறது.
எத்தனை கிலோ துணிக்கு எத்தனை கிராம் சாயம் என்று
மெஷினுக்குச் சொல்லும் நிரல்
என் பொறுப்பு.

இடது ஓரம் ஃபைல்களின் மரம்.
நடுவில் நிரல்.
அடியில் டெர்மினல், கறுப்பாக,
பதில் வரும்வரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே ஓர் இட்டேரி,
ஒரு பிக்சல் அகலம்.
மவுஸைச் சரியாக அதன்மேல் நிறுத்தினால்
இருபக்க அம்பாகும்.
பிடித்து இழுத்தேன்.
டெர்மினலுக்கு நாலு வரி கூடிற்று,
நிரலுக்கு நாலு வரி போயிற்று.
இதையே காட்டில் செய்திருந்தால்
சர்வேயர் வந்திருப்பார்,
கல் நட்டிருப்பார்,
தாராபுரம் கோர்ட்டில் இருபது வருஷம்
வாய்தா ஓடியிருக்கும்.

போன வியாழன் வரைக்கும் எனக்கு இரண்டு திரை.
"சித்த நேரம் குடு கண்ணு" என்று
வலதுபக்கத்தைக் கழற்றிக்கொண்டு போனார்
சிவமலையண்ணன், கேமரா பார்க்க.
கேட், ஜெனரேட்டர், பாய்லர், பின்வாசல் நாய்
என்று நாலு கட்டம் ஓடுகிறது அதில் இப்போது.
சித்த நேரம் ஆறு நாளாகிவிட்டது.

ஒற்றைத் திரையில் குடித்தனம்.
தேடல் பேனல் வந்தால் மரம் ஒளிந்துகொள்கிறது.
மரம் வந்தால் நிரலின் வலதுகை வெட்டுப்படுகிறது.
எழுத்தைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி
எறும்புப் புற்றை வாசிக்கிறேன்.
மேலே பதினாறு டேப், பெயர்கள் அரைகுறையாக:
சாயக்கண… சாயக்கண… சாயக்கண…
எதைத் தொட்டாலும் இன்னொன்று.

இன்று மதியம் மூணாவது பேட்ச் தப்பிவிட்டது.
நேவி கேட்ட துணி
கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கிறது.
நாச்சிமுத்து மாஸ்டர் ஒரு துண்டு வெட்டி எடுத்துப்
படியேறி வந்தார்.
ஈரத்தோடு அதை என் திரைமேல் ஒட்டினார்.
ஒரு வார்த்தை பேசவில்லை, இறங்கிப் போய்விட்டார்.
அதுவும் ஒரு பேனல்தான்,
மூலையில் பெருக்கல்குறி இல்லாத பேனல்.

டீபக் விண்டோவைத் திறந்தேன்.
திறந்துவிட்டதாகக் கீழ்ப்பட்டை சொல்கிறது,
திரையில் இல்லை.
மூடித் திறந்தேன்.
திட்டித் திறந்தேன்.
ஐந்தாவது தடவையில்தான் உறைத்தது:
திரை போன சேதி
அதற்கு யாரும் சொல்லவில்லை.
வலதுபக்கம் இன்னும் இருக்கிறதென்று நம்பி
அங்கேயே, அக்கட்டால,
நூல்மில் காலண்டர் தொங்கும் வெறுஞ்சுவரில்
விரித்து உட்கார்ந்திருக்கிறது ஆறு நாளாக.
ஒவ்வொரு எண்ணாக
உண்மையைச் சொல்லிக்கொண்டு,
காலண்டர் முருகனுக்கு.

மவுஸ் திரை விளிம்பில் முட்டி நின்றது.
ஆல்ட், ஸ்பேஸ், எம்.
பிறகு இடது அம்பு.
இடது அம்பு.
இடது அம்பு.

"இக்கட்டால வா" என்று
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.
சர்வர் கேட்டிருக்கும்.

முதலில் ஒரு சாம்பல் விளிம்பு,
அப்புறம் பாதி எண்கள்,
அப்புறம்

சிவப்பு: 0.4

இருக்க வேண்டியது 0.04.
ஒரு சைபர். அதை அழித்தது நான்.
தேதி பார்த்தேன்: வியாழன் காலை பத்தேகால்.
இரண்டு திரையும் இருந்திருக்கிறது அப்போது,
எல்லா பேனலும் அகலத் திறந்து,
ஒன்றையொன்று மறைக்காமல்.

திருத்தினேன். ஓட்டினேன்.
துண்டைத் திரையிலிருந்து உரித்தேன்.
அது இருந்த இடத்தில்
ஈரம் ஒரு சதுரமாக மிச்சமிருந்தது,
எட்டாவது வரியைக் கொஞ்சம் பெரிசாகக் காட்டிக்கொண்டு.

மாஸ்டரிடம் சொல்லக் கீழே இறங்கும் வழியில்
சிவமலையண்ணன் அறையை எட்டிப் பார்த்தேன்.
டீ ஆறிக் கிடந்தது.
என் திரையில்
நாய் தூங்கும் கட்டத்தை மட்டும் முழுசாக விரித்துவைத்து
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
பாய்லர் மூலையில்,
கட்டைவிரல் அளவுக்கு.