கடித்த உயிரினம்

படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.
பாம்புக்காகப் போட்ட கட்டம்.
குத்தியதற்கென்று தனியாக இல்லை.

விடிய ஐந்தரை. திருகோணமலை ஆஸ்பத்திரி.
கடல் பக்கத்து யன்னல்
கொளுவி கழன்று அடித்துக்கொண்டிருந்தது.
வலையில் மீன் கழற்றிய பெண்ணைக் கூட்டிவந்தார்கள்.
வலது பெருவிரல் வீங்கி, முழங்கை வரை கடுப்பு.
பெயர்?
தவலட்சுமி.
அடையாள அட்டையில் தவலெட்சுமி, ஒரு கொம்பு கூட.
கரையில் 'சின்னமணி' என்றால்தான் தெரியுமாம்.
மூன்றையும் எழுதினேன். இடம் இருந்தது.

மீனும் வந்திருந்தது, சீனிப் பையில்.
ஒரு சாண். பாசி நிறம்,
மேலே உப்புத் தூவியது போலப் புள்ளி,
கொறிக்கிற வாய்.
செத்தும் முள்ளை மடக்கவில்லை.

'ஒட்டி' என்றார் திருக்கடலூர் அருமைநாயகம்.
'ஓரா' என்றார் மரியசீலன்.
'எங்கட மயிலிட்டியில பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.'
இங்கே வந்து முப்பது வருஷம்.
மயிலிட்டி இன்னும் எங்கட.

ஒட்டியா ஓராவா என்று நான் பேனையைத் தூக்கிப் பிடித்திருக்க
ஐஸ் லொறிக்கார விமலசேன
பைக்குள் எட்டிப் பார்த்து
'ஓராவா' என்றார்.
'ஓம், ஓராதான்!' மரியசீலனுக்கு வென்ற முகம்.
அவர் கேட்கவில்லை, சொன்னார்.
சிங்களத்தில் அதன் பெயரே அதுதான்.
கேள்வியாய்க் கேட்ட பதிலும்
பதிலாய்ச் சொன்ன கேள்வியும்
ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின.
நான் திருத்தப் போகவில்லை.
அருமைநாயகம் மட்டும் முணுமுணுத்தார்:
'ரெண்டு பேர் சொன்னா ஒட்டி இல்லையெண்டாயிடுமோ.'

கிண்ணியா ஜவாஹிர் பெயருக்கே வரவில்லை.
பையை விரித்து ஈர்க்கால் தட்டித் தட்டி எண்ணினார்.
முதுகில் பதின்மூன்று.
அடிவயிற்றில் ஏழு.
நெஞ்சடியில் நாலு.
'இதில எது குத்தினதெண்டு
அதையும் எழுதுவீங்களா, தங்கச்சி?'

அப்போதுதான் வாளிக்குள் கைவைத்திருந்தவள் வாய் திறந்தாள்.
'பேர் வைக்கிற சடங்கை நிப்பாட்டிப்போட்டு
ஆராவது சுடுதண்ணி மாத்துங்கோ.'

நாலு ஆம்பிளைகளும் கேத்திலைத் தேடினார்கள்.

தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பியது.
அவள் முகம் கொஞ்சம் இளகியது.
குனிந்து மெல்லக் கேட்டேன்,
'நீங்கள் என்ன பெயர் சொல்லுவீங்கள்?'
சொன்னாள்.
அரசாங்கப் படிவத்தில் எழுதக்கூடிய சொல் இல்லை அது.
மீனுக்கு அதைவிடப் பொருந்திய பெயரும் இல்லை.

கட்டத்தில் 'மீன்' என்று மட்டும் போட்டேன்.
டொக்டர் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

ஒன்பது மணிக்குத் துண்டு வெட்டி அனுப்பும்போது
வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்,
கட்டுப்போட்ட விரலை ஆகாயம் பார்க்கத் தூக்கிக்கொண்டு.
'அந்தப் பை?'
மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
'மத்தியானத்துக்கு' என்றாள்,
இடது கையால் வாங்கி,
முள் படாமல்.