நிமிடத்துக்கு நாற்பத்து நாலு

பிள்ளைகள் வாட்டுத் தராசில்
பற்றரி செத்து மூன்று நாள்.
நோர்வூட் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது,
அம்புலன்ஸ் இனி விடிந்துதான்.
அதுவரை நிதுர்ஷனுக்கு வாயால் ஒன்றுமில்லை,
ஒரு மிடறுகூட.
மூன்று வயது. வயிற்றைப் பிடித்துச் சுருண்டிருக்கிறான்.

எனக்கு மனப்பாடம் இந்தக் கணக்கு.
முதல் பத்துக் கிலோவில் கிலோவுக்கு நூறு,
அடுத்த பத்தில் ஐம்பது,
அதற்கு மேலே இருபது.
மில்லிலீற்றர், நாளொன்றுக்கு.
உடம்பு பெருக்கப் பெருக்க
கிலோவின் தாகம் ஏன் சிறுக்கிறதென்று
பரீட்சையில் ஒரு பக்கம் எழுதினேன்,
சரி போட்டார்கள்.

நிறை தெரியாவிட்டால் அதற்கும் ஒரு வழி:
வயதோடு நாலைக் கூட்டு, இரண்டால் பெருக்கு.
பதினாலு.
மணிக்கு ஐம்பது, எழுதிவிட்டேன்.

"பதினாலு இல்லைங்க டொக்டர்."
புஷ்பகாந்தி. இடுப்பில் நனைந்த படங்கு
இன்னும் அவிழ்க்கவில்லை.
"பதினொண்ணு. தாண்டாது."
எப்படித் தெரியும்?
"மலையிலிருந்து மடுவத்துக்குப்
பதினொண்ணும் சுமந்திருக்கேன், பதினாலும் சுமந்திருக்கேன்.
முதுகு பொய் சொல்லாதுங்க.
தராசுதான் சொல்லும்."

மிஸ் சந்திரலதா ஒன்றும் பேசாமல் போய்
சமையலறையில் மரக்கறி நிறுக்கும்
தொங்குதராசோடு வந்தாள்.
கோவாச் சருகொன்று கொக்கியில் ஒட்டியிருந்தது.
விரிப்பைத் தொட்டிலாக்கி, மெதுவாக,
முனகினான், மெதுவாக,
முள் ஆடி ஆடி நின்றது.
பதினொன்றரை.

"போர்வைக்குக் கழிங்க," என்றாள் தாய்.
முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை அவள்.
அரைக் கிலோ விரிப்பு.
பதினொன்று.

புத்தகத்துப் பிள்ளைக்கும் இவனுக்கும் நடுவே
மூன்று கிலோ.
எங்கே போனதென்று
கேட்பதற்கு வாய்பாட்டில் இடமில்லை.
பத்துக்கு ஆயிரம், ஒன்றுக்கு ஐம்பது,
இருபத்து நாலால் வகுத்தால்
நாற்பத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு.
ஐம்பதை வெட்டிக் கையெழுத்திட்டேன்.

சிறுதுளிக் குழாயில் ஒரு வசதி:
மணிக்கு எத்தனை மில்லியோ
நிமிடத்துக்கு அத்தனை துளி.
அவளுக்கும் சொன்னேன்.
சக்கரத்தை நான் திருக, திருக,
உதடசையாமல் எண்ணினாள்.

பிறகு கேட்டாள்:
"மழை நாள்ல எங்க கொழுந்துக்குத்
தண்ணிக் கழிவுன்னு மூணு கிலோ, நாலு கிலோ எடுப்பாங்க.
இங்க தண்ணிக்கு ஏதும் கழிப்பீங்களா?"

இல்லை என்றேன்.
இங்கே தண்ணீரைக் கொடுக்கத்தான் நிறுக்கிறோம்.
சொன்ன பிறகு ஏதோ கூச்சமாக இருந்தது,
மிஸ்ஸின் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

எப்போது உறங்கினேனோ.
நாலு மணிக்குத் தோளில் ஒரு விரல்,
கறை படிந்த, வெடித்த விரல்.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.
"கையை மடக்கிட்டான் போல.
முப்பத்தொம்பதாயிருச்சுங்க."