செக்கிங்

மூன்று வருசமாச்சு.
அவிநாசி ரோட்டு லேபில்
வெள்ளணு எல்லாம் சரிதானுங்க என்கிறார்கள்.

சரியென்றால்
எட்டு வயதில் வந்துபோன அம்மை
இடது விலாவில்
அக்கியாக ஏன் முளைக்கிறது?
இருபது வருசம் மூச்சில் இழுத்த பனியன் பஞ்சுக்கு
இப்போது ஏன் தோல் தடிக்கிறது?

என் வேலை ஓட்டை பார்ப்பது.
ட்யூப்லைட்டுக்கு அடியில் விரித்தால்
ஒரு கண்ணி நழுவினாலும் தெரியும்.
உள்ளேயும் ஒருத்தி இருந்தாள், அதே கண்ணோடு.
அந்தப் பதினாலு நாளுக்கப்புறம்
நல்ல பீஸைக் கிழிக்கிறாள்,
ஓட்டையைப் பேக்கிங்குக்கு அனுப்புகிறாள்.

“இன்னுமா அக்கா சீக்கு?”
துளசிமணி கேட்கிறாள், டார்கெட் சீட்டை நீட்டி.

இன்று மூன்று ரிஜெக்ட்
என் கையையும் தாண்டிப் போனது.
யாரும் பார்க்கவில்லை.
வியாழக்கிழமை கப்பலேறும்.