போர்வை

வியாழக்கிழமை ஏழரை. கிரிம்ஸ்பியில் மழை.
கம்பளக் கடைக்கு மேலே எங்கள் அறையில்
கூரை ஒழுகி வாளியில் சொட்டுகிறது.
தேநீர் ஆறிவிட்டது.
மேசையை மூடிய போர்வையை
இன்னும் யாரும் விலக்கவில்லை.

போர்வை என்ற சொல்லிலேயே
போர் ஒளிந்திருக்கிறது.
இதற்கடியில் ஒன்பது வாரமாய்
சாம்பல் குதிரைப்படை பாய்ந்தபடி நிற்கிறது:
கட்டைவிரல் உயரக் குதிரைகள், குண்டூசி ஈட்டிகள்.
முனைக்கும் எதிரியின் மார்புக்கும் இடையில்
ஓர் அங்குலம்.
வழக்கு அந்த அங்குலத்தில்.

வேலி தாண்டிய குதிரைக்கு
வேகம் குறையாது என்கிறார் டென்சில்.
முப்பது வருடம் பேருந்தில் சீட்டு சோதித்தவர்,
விதி என்றால் குரல் தணிந்துவிடும்.
குறையும் என்கிறாள் ஹெஸ்டர்,
பழைய புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப்
பல் குடையும் ஊசியால் தொட்டுக் காட்டி.
பல் மருத்துவமனையில் தாதி அவள்.
எங்கள் ஈயச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும்
வார்ப்புப் பிசிர் நீக்கி முகம் மழித்தது
அந்த ஊசிதான்.

அந்தப் பக்கத்தில் இருப்பது
'பெரும்பாலும்' என்றொரு சொல்.
பெரும்பாலும் வேகம் குறையும்.
எழுதியவர் ஏதோ ஒரு மதியத் தூக்கத்தில் போட்டது.
பதினோரு வருடமாய்
அதற்குள் குடியிருக்கிறோம்.

புதுப் புத்தகம் வரட்டும் என்றோம்.
பகடையைப் பெட்டியில் போட்டோம்,
போர்வையை விரித்தோம்.

அக்டோபரில் வருவதாக இருந்தது.
பிறகு புத்தாண்டுக்கு.
பிறகு, கப்பல் வந்ததும்.
எந்தக் கப்பல் என்று கேட்டால் பதில் இல்லை.
துறைமுகத்தில் மீன்பெட்டி அடுக்குகிற நான்
ஒவ்வொரு கப்பலையும் சந்தேகமாய்ப் பார்க்கிறேன்.
இதுவரை இறங்கியது காட் மீன்.

அட்டையை மட்டும் காட்டினார்கள்.
பிறகு சொல்லடைவின் ஒரு மூலை,
அச்சகத்தில் யாரோ சாய்த்துப் பிடித்து எடுத்த படம்.
டென்சில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப்
புள்ளி புள்ளியாய் உடையும்வரை பார்த்தார்.
வேலி: 58, 59, 112.
ஒரு பக்கம் இருந்த இடத்தில் மூன்று!
ஐம்பத்தெட்டு என் பக்கம் என்றார்.
ஐம்பத்தொன்பது அதற்குப் பதில் என்றாள்.
நூற்றுப்பன்னிரண்டைப் பற்றி
இருவருமே வாய் திறக்கவில்லை.
அவ்வளவு தள்ளி வைத்திருப்பது
விதிவிலக்காகத்தான் இருக்கும்.

இலவு காத்த கிளிக்காவது
மரம் கண்ணெதிரே இருந்தது.
எங்களுக்கு ஒரு மூலைப் படம்.
ஐசக், பெட்டியில் மிஞ்சிய காலாட்படைக்கு
ஒவ்வொரு பொத்தானாய்ப் பித்தளை பூசுகிறான்.
ஹெஸ்டர் வாங்கிய புதுப் பகடைகள்
ஒருமுறைகூட உருளாமல் அவள் பையில்.
டென்சில் வீட்டு அலமாரியில்
புத்தகத்துக்கென்று இரண்டு விரற்கடை இடம்;
பக்கத்துப் புத்தகம் சாயாதிருக்க
அதில் இப்போதைக்கு ஒரு மரக்கட்டை.

இதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை,
இங்கேயே சொல்லிவிடுகிறேன்.
சென்ற வியாழன் முதலில் வந்தவன் நான்.
வாளி நிரம்பித் தளும்பியிருந்தது.
போர்வை நனைந்திருக்குமோ என்று
ஒரு முனையைத் தூக்கினேன்.
சட்டைக்கை பட்டது.
பால்பல் விழுந்தது போல் ஒரு சத்தம்.
விழுந்த குதிரையை நிமிர்த்தி வைத்தேன்,
எலுமிச்சை தேய்த்துக் கழுவியும்
மீன் மணக்கும் விரல்களால்.
அங்குலம் இருந்த இடத்தில்
அங்குலம்தான் இருக்கிறதா?
முக்கால் இருக்கலாம்.
குனிந்து பார்த்தால் ஒன்று, நிமிர்ந்து பார்த்தால் ஒன்று.

இதோ, ஹெஸ்டர் அளவுநாடாவை எடுக்கிறாள்.
சும்மா, ஒரு ஞாபகத்துக்கு, என்கிறாள்.
டென்சில் தலையசைக்கிறார்.
ஐசக் போர்வையின் நுனியைப் பிடிக்கிறான்.
வாளியில் ஒரு சொட்டு.

சட்டைக்கைக்கும் ஒரு விதி
புதுப் புத்தகத்தில் இருக்கும்.
இருக்கவேண்டும்.
அந்த எழுத்துவரை
படம் எட்டவில்லை.