சட்பரி, 71–71

நாற்பது விநாடி மிச்சம்.
பதினான்காம் இலக்கப் பெடியன்
வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே தெறித்த பந்தைப் பார்த்து
'சனியன்' என்றான்.
பந்தைப் பார்த்துத்தானா?
அவனுக்கும் பந்துக்கும் நடுவில் நான் நின்றேன்.

நான் யோசிக்க முன்னம்
உள்ளங்கையில் விரல் குத்தி
டெக்னிக்கல் காட்டிவிட்டது கை.

அரங்கமே ஊளையிட்டது.
பயிற்சியாளர் லஃப்ரெனியே
கோட்டைத் தாண்டாமல், சப்பாத்து நுனியை அதில் வைத்துக்கொண்டு
கேட்டார்: என்ன சொன்னான்? எந்த மொழியில்?
கூட நின்ற நடுவர் இருவரும்
என் முகத்தைப் பார்த்தார்கள்.
அந்தச் சொல் போய்த் தங்க
அங்கே வேறு காது இல்லை.

ஒரு ஃப்ரீ த்ரோ. விழுந்தது.
அந்த ஒன்றால் தோற்றார்கள்.

உடைமாற்றும் அறை வாசலில்
துவாயைத் தலையில் போட்டபடி கடந்து போனவன் நின்றான்:
"அண்ணை, உங்களுக்குத் தமிழ் தெரியுமெண்டு
எனக்குத் தெரியாது."
மன்னிப்பா அது, வாக்குமூலமா,
அந்த மூன்று மணி நேர வழியெல்லாம்
பாரி சவுண்டில் கோப்பி ஆறும்வரை
திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன்.

வீட்டில், அறிக்கைப் படிவம்.
'யாரை நோக்கி' என்று ஒரு கட்டம்.
அவன் உருபு எதுவும் சேர்க்கவில்லை.
வெறும் சனியன்.
இன்று காலை பனியில் கார் இயங்க மறுத்தபோது
நானும் மூன்று தரம் சொன்னேன்,
எவரும் ஊதவில்லை.

'சொன்ன சொல்' என்று அடுத்த கட்டம்.
ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம்.
அகராதியைத் திறந்தால்
வளையம் போட்ட ஒரு கிரகம்.